நீர்மூழ்கி மக்சூத்தின் கிராஃபிக்ஸ் கார்டு

பனி கொட்டும் சுரங்க நகரமான கரகண்டாவில் யாரையாவது நிறுத்தி, "மக்சூத் வீடு எங்கே?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "நீர்மூழ்கி வீடு" என்று கேளுங்கள். கையைப் பிடித்து நாலாவது மாடி வரை கூட்டிவந்து, அழைப்பு மணியையும் அடித்துவிட்டுத்தான் போவார்கள். அவ்வளவு நல்ல ஊர்.

மனுஷன் பத்தொன்பது வருஷமாகக் கொதிகலன் நிலையத்தில் வேலை பார்க்கிறான். வெளியே மைனஸ் முப்பது அடிக்கும்போது பாதி ஊருக்கு வெந்நீர் அனுப்பிக் கதகதப்பாக வைத்திருப்பவன் அவன். அதற்கெல்லாம் ஒரு பட்டம் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போன குளிர்காலத்தில் அவன் வீட்டுக் கணினி கொஞ்ச நேரம் நின்றுபோனது. அதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு குளிர்காலமும் சுரங்கம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்று ஆளாளுக்கு ஓர் அணி கட்டி, அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் டாங்கிச் சண்டை போடுவார்கள். மற்ற ஜனமெல்லாம் போனில் வேடிக்கை பார்க்கும். போன வருஷ இறுதிப் போட்டி கொதிகலன் அணிக்கும் சுரங்க மீட்புப் படைக்கும். மக்சூத் தன் டாங்கியைப் பாலத்தில் ஏற்றினான். பாலம் நடுவில் வளையும், அங்கே வலது பக்கம் திருப்ப வேண்டும். சரியாக அந்த இடத்தில் படம் அசையாமல் நின்றது. விரலோ முன்னால் போகும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. படம் திரும்பி வந்தபோது சுற்றிலும் தண்ணீர். டாங்கிக்கு முன்னால் ஒரு மீன் நிதானமாக நீந்திப் போனது. அந்த விளையாட்டைச் செய்த புண்ணியவான்கள் ஆற்றுக்குள் மீனும் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது.

கோப்பை போயிற்று. மானமும் கப்பலேறியது. மறுநாள் காலை நிலைய இயக்குநரே போன் செய்து, "நீர்மூழ்கி, அங்க அழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டார். கொதிகலன் அழுத்தத்தைக் கேட்கிறாரா, ஆற்றின் அழுத்தத்தைக் கேட்கிறாரா என்று புரியாமல் மக்சூத் விழித்தான். மனைவி கௌகார் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால், "வாங்க நீர்மூழ்கி வீட்டம்மா" என்று கடைக்காரி பல்லை இளித்தாள். கௌகார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பே எழுந்து நடுங்கும். அவளைப் பார்த்து ஒரு ரொட்டிக்காரி இளிப்பதா!

மக்சூத் சிரித்துச் சமாளித்தான். உள்ளுக்குள் வலித்தது. அந்தப் பெயர் கழன்று விழவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. கோப்பைகூட இரண்டாம் பட்சம்.

இந்த வருஷமும் இறுதிப் போட்டிக்கு அதே இரண்டு அணிகள்தான் வந்து நின்றன. கொதிகலன் அணித் தலைவன் வால்டெர், மக்சூத்தின் ஷிப்டுக்கு மேலாள். அடுத்த கட்டடத்துக்காரன் என்பதால் வேலை முடிந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து வருவார்கள். அன்றைக்கு வழியில் வால்டெர் நின்றான்.

"இங்க பாரு மக்சூத். உன் மேல எனக்குக் கோபம் கிடையாது. உன் கம்ப்யூட்டர் மேலதான் கோபம். சனிக்கிழமை ஆட்டத்துல அது மறுபடி மக்கர் பண்ணுச்சு, உன் இடத்துல என் மாமியாரை உட்கார வச்சிடுவேன்."

"உங்க மாமியாருக்கு டாங்கி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. எடுத்த இடத்துலயே நிப்பாங்க. ஆனா ஆத்துல விழ மாட்டாங்கல்ல?"

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மக்சூத்தின் கணினி, மகள் ஐனாஷ் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது வாங்கியது. இப்போது ஐனாஷுக்குச் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். கணினி மட்டும் இன்னும் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தது. அதைப் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்கூட "காத்திருக்கவும்" என்று சொல்லும்.

மக்சூத் சந்தைக்குப் போனான். முதலில் நினைவகம் கூட்டினான். அப்புறம் கரகரவென்று சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தெறிந்துவிட்டு, சத்தமே போடாத புதுச் சேமிப்புத் தட்டு ஒன்று. இதற்கே கணினிக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. ஆனால் டாங்கி ஓட வேண்டுமானால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். புதுசு வாங்கலாம் என்றால் சம்பந்தி விருந்து இருக்கிறது. சந்தைக் கோடியில் ஒருவன், மூடிப்போன நாணயச் சுரங்கக் கொட்டகையிலிருந்து வந்த கார்டுகளை உருளைக்கிழங்கு போலக் குவித்து வைத்திருந்தான். இராப்பகலாக இணைய நாணயம் தோண்டித் தோண்டிக் களைத்துப்போன கார்டுகள்.

"அண்ணே, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றான் கடைக்காரன். "இது தூங்காம உழைச்ச கார்டு. நம்ம ஊரு சுரங்கத் தொழிலாளி மாதிரின்னு வச்சிக்கோங்க. லேசா இருமும். ஆனா வேலைன்னு வந்துட்டா அடிச்சுக்க ஆளில்ல."

"சூடாகுமா?"

"சூடாகாம இருக்க இது என்ன ஐஸ்கிரீமா?"

மூன்று விசிறி வைத்த அந்தக் கார்டைக் கோட்டுக்குள் வைத்துக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்து பார்த்தால், கார்டு பெட்டிக்குள் நுழையவில்லை. ஒரு சாண் நீளம் வெளியே துருத்தியது. மக்சூத் விட்டுவிடுவானா? வெட்டும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், பெட்டியின் உள்ளே இருந்த தகரக் கூண்டை அறுத்து எறிந்தான். தீப்பொறி மூன்றாவது மாடி வரை பறந்தது. கார்டு உட்கார்ந்தது, ஆனால் பக்கக் கதவு மூடவில்லை. போகட்டும், காற்று வரும். பழைய பவர் சப்ளை அந்தக் கார்டின் பசியைப் பார்த்துவிட்டுப் பொசுங்கிய வாடை விட்டது. அதற்கும் ஓட்டமாய் ஓடிப் புதுசு வாங்கிவந்து மாட்டினான்.

அடேயப்பா! டாங்கி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடியது. புல் அசைவது தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த விளையாட்டில் புல் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. பாலத்தில் ஏறி வலது பக்கம் திரும்பினான், திரும்பியது. இறங்கினான், மறுபடி ஏறினான். ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மூன்று விசிறியும் ஊளையிட ஆரம்பித்தன. பட்டென்று எல்லாம் அணைந்து இருட்டாயிற்று.

சூடு. கார்டைத் தொட்டுப் பார்த்தவன் கையை உதறினான்.

வீட்டுக்குள் இருந்த அனலில் கார்டு என்ன செய்யும், பாவம். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஜனம் பனியனோடு உலாவுகிறது. ரேடியேட்டரில் முட்டையே வேகும். ஜன்னல்களையெல்லாம் கௌகார் குளிர்காலத்துக்காகக் காகித நாடா ஒட்டி அடைத்துவிட்டாள். இந்த வெந்நீரை அனுப்புகிற புண்ணியவான் யார்? மக்சூத்தேதான். யாரைப் போய்த் திட்டுவது?

அப்போதுதான் அவன் பார்வை பால்கனிக் கதவின் மேல் விழுந்தது.

பால்கனி கண்ணாடி அடைத்தது. உள்ளே மைனஸ் இருபது. அங்கேதான் அந்த வீட்டின் சொத்து இருந்தது. குளிர்காலத்துக்காக அறுத்த குதிரையின் இறைச்சி மூட்டை மூட்டையாக, கல்லாய் உறைந்து கிடந்தது. மேலே கம்பியில் காஸிகள் தொங்கின. விலா இறைச்சியும் கொழுப்பும் குடலில் அடைத்து, உப்பும் பூண்டும் தடவிப் புகைபோட்ட காஸி. சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதே இந்த இறைச்சியைச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போகத்தான். எது மாமியார்க்காரிக்கு, எது மாப்பிள்ளைக்கு என்று ஒவ்வொன்றையும் கௌகார் மனசுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கௌகார் பெரிய தாம்பாளம் இரவல் வாங்கத் தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் மக்சூத் கணினிப் பெட்டியைத் தூக்கிப் பால்கனியில் வைத்தான். மேல் ஜன்னலின் நாடாவைப் பிரித்து, ஒயர்களை அதன் வழியாக உள்ளே இழுத்து, இடுக்கில் பழைய கம்பளியை அடைத்தான். பனித்தூள் படக்கூடாதே என்று பெட்டியைச் சுற்றி ஒரு தடித்த கம்பளத்தைக் கூடாரம் மாதிரி கட்டினான். கூடாரத்தின் வாய் மட்டும் மேலே பார்த்துத் திறந்திருந்தது. மேலே என்ன தொங்குகிறது என்று அவன் பார்க்கவில்லை. புல் தெரிகிறவனுக்குக் காஸி எப்படித் தெரியும்!

சாயங்காலம் வரை விளையாடினான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கௌகார் தாம்பாளத்தோடு திரும்பியவள் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசனை இது?"

"என்ன வாசனை?" காதில் ஹெட்போனைக் கொஞ்சம் நகர்த்தினான் மக்சூத். ஆமாம், வாசனை. பூண்டும் புகையும் கலந்து, வாயில் எச்சில் ஊறவைக்கிற வாசனை.

கௌகார் நேராகப் பால்கனிக் கதவைத் திறந்தாள். குதிரைக் கொழுப்பு கைச்சூட்டுக்கே இளகிவிடும். கீழேயிருந்து மத்தியானம் முழுக்க அனல் ஏறிக்கொண்டிருந்ததில் மூன்று காஸிகள் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளத்தன. ஒன்றிலிருந்து சொட்டு சொட்டாக நெய் இறங்கி, கூடாரத்துக்குள் விழுந்து, கார்டின் மூலையில் சுர்ரென்று பொரிந்தது.

"ஏங்க." அவள் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. ஏழாம் வகுப்பு நடுங்குகிற குரல் அதுதான். "சம்பந்திக்கு வச்சிருந்த காஸியை நீங்க கம்ப்யூட்டர்ல வேகவச்சிருக்கீங்க."

"வேகல கௌகார். லேசா… வெதுவெதுப்பா…"

"ஒண்ணு அது வெளியில வரணும், இல்ல நீங்க வெளியில போகணும். ரெண்டுல எது?"

மக்சூத் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

கதவை அடைத்துக்கொண்டு நின்றவன் எர்டென். மக்சூத்தின் மூத்த அக்கா மகன். ஒன்பது பிள்ளைகளில் அக்கா முதல், மக்சூத் கடைசி. அதனால் மருமகன் மாமனைவிட ஐந்து வயது மூத்தவன், இரண்டு மடங்கு எடை. சின்ன வயதில் மாமனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவனே இந்த மருமகன்தான். இப்போது சுரங்க மீட்புப் படையில் அதிகாரி. அதே படையின் டாங்கி அணிக்குத் தலைவன். மக்சூத் ஆற்றில் விழுந்த அன்றைக்குக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தவனும் அவன்தான்.

"மாமா!" என்று மக்சூத்தின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டான். "சௌக்கியமா? மூச்செல்லாம் விட முடியுதா, தண்ணிக்குள்ள?"

"வா மருமகனே" என்று மக்சூத் இருமினான்.

"உட்கார நேரமில்ல மாமா. மூணாவதைக் கேட்க வந்தேன்."

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அக்கா மகன் மூன்று தடவை எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. அந்தக் காலத்தில் மந்தைக்குள் புகுந்து பிடித்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், மாமன் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். எர்டென் முதல் தடவை கேட்டது மக்சூத்தின் சைக்கிளை, மாமன் மிதிக்கப் பழகிய அன்றைக்கே. இரண்டாவது, மக்சூத் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் ஜாக்கெட், கல்யாணத்துக்கு முந்தின நாள். மூன்றாவதைப் பத்திரமாக வைத்திருந்து பயமுறுத்திக்கொண்டே இருந்தான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மக்சூத் டிவியின் முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வான்.

எர்டெனின் மூக்கு அசைந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டே பால்கனி வரை போய் எட்டிப் பார்த்தான். மேலே காஸி பளபளத்தது. கீழே கார்டு பளபளத்தது.

"ஓஹோ" என்றான். "ஓஹோஹோ."

போச்சு, கார்டு போச்சு என்று நினைத்தான் மக்சூத். நாளைக்கு ஆட்டம், இன்றைக்குக் கார்டு போகிறது, ஆயுசுக்கும் நீர்மூழ்கி. போச்சு, காஸி போச்சு என்று நினைத்தாள் கௌகார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள்.

"மருமகனே, இந்தக் காஸியைப் பாரேன்!" என்றான் மக்சூத். "மூணு விரல் கொழுப்பு! மலைப்புல்லு தின்ன குதிரை. கையில எடுத்துப் பாரு, கையிலயே கரையும்!"

"காஸி எந்த வீட்ல இல்ல?" என்று இடையில் புகுந்தாள் கௌகார். "இந்தக் கார்டைப் பாருங்க மருமகனே. மூணு விசிறி! கலர் கலரா லைட்டு வேற எரியுது. உங்க மாமா ராஜா மாதிரி வச்சிருக்காரு."

"அது இருமுற கார்டு! பழசு! கொள்ளை நோய் பிடிச்சது!"

"காஸி மட்டும் என்னவாம்? பாதி உருகிப் போச்சு. சாப்பிட்டா வயித்தால போகும்!"

"யாருக்குப் போகும்? நேத்து வரைக்கும் அமிர்தம்னு சொன்னவ நீ!"

"நேத்து வரைக்கும் அது கம்ப்யூட்டர் மேல தொங்கல!"

எர்டென் ஒவ்வொருத்தர் முகமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சாவகாசமாக ஒரு காஸியின் நுனியைத் தொட்டு விரலைச் சப்பினான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "கார்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்க வந்தது ரெண்டும் இல்ல. எங்க ஆளு ஒருத்தன் கல்யாணத்துக்குன்னு ஊருக்குப் போனவன் பனியில மாட்டிக்கிட்டான், ரோட்டை மூடிட்டாங்க. நாளைக்கு ஒரு ஆள் குறையுது. மூணாவதா நான் கேட்கிறது உங்களைத்தான் மாமா. நாளைக்கு எங்க பக்கம் ஆடணும்."

மக்சூத் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "டேய், நான் ஆத்துல விழுந்தவன்டா. என்னை எதுக்குக் கேட்கிற?"

"விழுந்தது உங்க கம்ப்யூட்டர் மாமா. அதுக்கு முன்னாடி பாலம் வரைக்கும் எங்க மூணு பேரைச் சுட்டுத் தள்ளினது யாரு? நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

ஒரு வருஷமாக அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. மறுக்கவும் வழியில்லை, மறுக்கவும் தோன்றவில்லை.

வால்டெருக்குப் போன் போட்டுச் சொல்வதுதான் கொடுமையாக இருந்தது.

"மருமகன் கேட்டா குடுத்துத்தான் ஆகணும்" என்றான் வால்டெர். "நானும் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன், அது எனக்குத் தெரியாதா? போ, ஆடு. ஆனா ஒண்ணு மக்சூத். நாளைக்குக் காலை ஷிப்டு என்னோடது. அதை மறந்துடாத."

அவன் எதற்கு அப்படிச் சொன்னான் என்று மக்சூத்துக்கு அப்போது புரியவில்லை.

காஸி பிழைத்த சந்தோஷத்திலும் கௌகார் ஒரே பிடியாக நின்றாள். பால்கனி இறைச்சிக்கு, கணினி வீட்டுக்குள். ஆட்டம் நடக்கும்போது பால்கனிக் கதவைத் திறக்கவும் கூடாது, அனல் அங்கே போய் மிச்ச மீதியையும் உருக்கிவிடும். மக்சூத் கார்டில் படிந்த நெய்யைத் துடைத்துப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தான். குளிரிலிருந்து வந்த பெட்டி வேர்த்துக் கொட்டியது. மறுநாள் காலை வரை அதை அப்படியே காயவிட்டான். அறையில் இருந்த ரேடியேட்டரை மெத்தை போட்டு மூடினான். மெதுவாக ஆடினால், அதிகம் சுடாமல் இருந்தால், ஆட்டம் முடிகிற வரை கார்டு தாங்கும் என்று கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்தது. ஐந்து பேருக்கு ஐந்து பேர்; மக்சூத்தின் இடத்துக்கு வால்டெர் வேறொருவனைப் பிடித்திருந்தான். எர்டெனின் குரல் காதில் உறுமியது. எதிர் அணியோடும் பேசிக்கொள்ளலாம், திட்டிக்கொள்ளலாம் என்பது அந்தப் போட்டியின் வழக்கம். வால்டெரின் குரலும் கேட்டது.

"நீர்மூழ்கி, நீச்சல் டிரஸ் போட்டுக்கிட்டியா?"

மக்சூத் ஒருவனைச் சுட்டான், இன்னொருவனையும் சுட்டான். அப்போதுதான் சுவருக்குள் குழாய் களகளவென்று பேச ஆரம்பித்தது. பத்தொன்பது வருஷம் கேட்ட காதாயிற்றே, மக்சூத்துக்குத் தொட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இது வழக்கமான வெந்நீர் இல்லை. யாரோ திருகு முழுவதையும் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

"வால்டெர்!" என்று கத்தினான். "என்ன காரியம் பண்ணின?"

"நானா? ஜனங்க குளிர்ல நடுங்குறாங்களேன்னு, சாயங்காலம் தானா கூடுற மாதிரி காலை ஷிப்டுலயே கொஞ்சம் திருகி வச்சிட்டு வந்தேன்." காது கிழியச் சிரித்தான் வால்டெர். "உன் மிஷினுக்கு வேர்க்குதா?"

கட்டடம் முழுக்க அமளி. மேல்வீட்டுக்காரர் கரண்டியால் குழாயைத் தட்டினார். கீழ்வீட்டில் யாரோ ஒட்டிவைத்த நாடாவைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார்கள். மெத்தையைத் தாண்டி அனல் அடித்தது. கார்டின் விசிறி மூன்றும் ஊளையிட்டன. படம் ஒரு தடவை திக்கியது. மறுபடி திக்கியது. மக்சூத்தின் டாங்கி பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே பாலம், அதே ஆறு. உள்ளே அந்த மீனும் இருக்கும்.

"அம்மாடி, நீர்மூழ்கி இறங்கப் போகுதுடோய்!" என்று வால்டெர் கூவினான். "உங்க வீட்டம்மாவைக் கூப்பிடு, மீன் புடிச்சுத் தரேன்!"

ஹெட்போனை மீறி அந்தக் குரல் அறைக்குள் கேட்டது. கதவருகில் நின்ற கௌகாருக்கும் கேட்டது. காதுமடல் சிவந்துவிட்டது அவளுக்கு. புருஷனைத் திட்ட அவளுக்கு உரிமை உண்டு, தினமும் ஒழுங்காகத் திட்டத்தான் செய்கிறாள். இவன் யார்?

விறுவிறுவென்று பால்கனிக்குப் போனாள். கதவு திறந்து மூடியது. திரும்பி வந்தபோது, பிளாஸ்டிக்கில் சுற்றிய முழுக் குதிரைத் தொடை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தாள். சம்பந்திக்கென்று ஒதுக்கியதிலேயே பெரிய தொடை, கல்லாய் உறைந்து வெண்புகை விட்டது.

"நகருங்க!" பெட்டியின் திறந்த பக்கத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு அதன்மேல் தொடையை நிறுத்தினாள். பரண்மேல் கிடந்த கோடைக்கால மேசை விசிறியை இறக்கி, தொடைக்குப் பின்னால் வைத்து முழு வேகத்தில் திருகினாள். சில்லென்று காற்று தொடையைத் தழுவிக்கொண்டு கார்டுக்குள் பாய்ந்தது. நொடியில் ஊளை குறைந்தது. விசிறிகள் முனகின, அப்புறம் சாதுவாகச் சுற்றின.

"என்ன பார்க்கிறீங்க? ஓட்டுங்க!" என்று தொடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள் கௌகார்.

மக்சூத் பாலத்தில் ஏறினான். வால்டெரின் டாங்கி அவனைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே ஏறியது. வளைவு வந்தது. மக்சூத் வலது பக்கம் திருப்பினான். டாங்கி திரும்பியது! கௌகார் "ஆ!" என்றாள்.

வால்டெரின் டாங்கி திரும்பவில்லை.

வால்டெரும் இதே தெருவில், அடுத்த கட்டடத்தில்தானே இருக்கிறான்? இரண்டு கட்டடத்துக்கும் ஒரே குழாய்தானே? அவன் கூட்டிவிட்ட அனல் மக்சூத் வீட்டுக்கு வருமுன் அவன் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஊருக்கே வெந்நீர் கணக்குப் பார்க்கிறவன், கோபத்தில் அந்தச் சின்னக் கணக்கைப் பார்க்கவில்லை. அவன் வீட்டில் குதிரைத் தொடையும் கிடையாது. போன வாரம்தான் மாமியார் மொத்தத்தையும் சமைத்துத் தீர்த்திருந்தாள்.

வால்டெரின் டாங்கி அதே வேகத்தில் நேராகப் போய், கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு, ரொம்பவும் கம்பீரமாகத் தண்ணீருக்குள் இறங்கியது.

காதில் வால்டெரின் குரல், மெதுவாக, "இங்க ஒரு மீன் இருக்கு" என்றது.

எர்டென் சிரித்த சிரிப்பில் மக்சூத்தின் ஹெட்போன் ஒரு பக்கம் கெட்டுப்போனது. கௌகார் தொடையை விட்டுவிட்டு வந்து புருஷனின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் ஐஸ். மக்சூத் வாய்விட்டு அழுதான். "போயிடுச்சு கௌகார், அந்தப் பேரு போயிடுச்சு" என்றான். "சரி சரி, மூக்கைத் துடைங்க, கம்ப்யூட்டர்ல ஒழுகப்போகுது" என்றாள் அவள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள், தொடையைச் சாப்பிட்டார்கள், காஸியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கொழுப்பு இவ்வளவு பதமாக இறங்கியிருக்கிறதே, எந்த அடுப்பு என்று சம்பந்தியம்மா கேட்டாள். கௌகார் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணு விசிறி அடுப்பு" என்றாள். சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரரிடம் நமக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை காலை மக்சூத் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனான். நுழைவாயிலில் வால்டெரைப் பார்த்து எல்லாரும் "வாங்க நீர்மூழ்கி" என்று கும்பிட்டார்கள். மக்சூத்துக்குக் காதில் தேன் பாய்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் போன் அடித்தது. எடுத்தால், இயக்குநர்.

"யாரு, ஆட்டுக்குட்டியா?" என்றார் இயக்குநர். "அழுத்தம் எவ்வளவு?"

மக்சூத் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தான். சுற்றிலும் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மருமகன் மந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு போனது எதுவோ, அது ஆட்டுக்குட்டிதானே? வால்டெர் மட்டும் வாயைப் பொத்தவில்லை, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

சாயங்காலம் எர்டென் கோப்பையைக் காட்டிவிட்டுப் போக வந்தான். மக்சூத் அவனைப் பிடித்து உலுக்கினான்.

"போதும்டா சாமி. மூணும் முடிஞ்சுது. சைக்கிள், ஜாக்கெட், நான். இனிமே உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்துது. அடுத்த வருஷம் நான் எங்க ஆளுங்களோடதான் ஆடுவேன், இந்த ஆட்டுக்குட்டிப் பேரையும் உதறிடுவேன்."

"கண்டிப்பா மாமா. என் பங்கு தீர்ந்துதான் போச்சு" என்றான் எர்டென் பவ்யமாக. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கப் போனவன், பாதியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஆனா என் தம்பி இருக்கான்ல? அவன் இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கேட்டதில்ல மாமா."